மார்லிஸ் வெட்ஸ்டைனின் தாடையும் சம்பள உயர்வும்

இரண்டாயிரத்துப் பன்னிரண்டாம் ஆண்டின் கோடையில், எங்கள் வடக்கெல்லை மாநிலத்தின் வில்லிஸ்டன் நகரில் மனிதர்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொள்வதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவைப்படவில்லை. பெட்ரோல் நிலையத்தின் வரிசையில் முந்தியவனுக்கு மூக்கு உடைந்தது. சலவை நிலையத்தில் பிறர் துணியை எந்திரத்திலிருந்து எடுத்து வெளியே வைத்தவனுக்கு இரண்டு பற்கள் போயின. எண்ணெய்க்காகப் பூமியைத் துளைக்க வந்த ஆண்கள் லாரிகளிலும் தகரக் கொட்டகைகளிலும் உறங்கினார்கள். உறக்கம் வராதவர்கள் குடித்தார்கள். குடித்தவர்கள் தங்கள் சம்பளத்தை உரக்கச் சொன்னார்கள். அதைக் கேட்டவர்கள் அடித்தார்கள்.

நான் அப்போது மாநிலத் தலைநகரில், ஊதியப் புள்ளிவிவரம் தொகுக்கும் பிரிவில் இருந்தேன். எங்கள் அட்டவணையில் ‘தொழில்முறை, தொழில்நுட்பச் சேவைகள்’ என்று ஒரே தலைப்பு உண்டு. வழக்கறிஞர், பொறியாளர், கணக்காய்வாளர், மண் பரிசோதனைக் கூடத்தார், நில அளவையாளர் அனைவரும் அதற்குள் அடக்கம். அந்தத் தலைப்பின் சராசரி ஊதியம் அந்த ஆண்டுகளில் ஏறியது போல என் பணிக்காலத்தில் வேறெப்போதும் ஏறவில்லை. அதே காலத்தில் அதே தலைப்புக்குள் இருந்துகொண்டு, சம்பளம் ஒரு டாலர்கூட ஏறாமல் இருந்தவள் மார்லிஸ் வெட்ஸ்டைன். அவள் என் மனைவியின் சிற்றப்பன் மகள்.

மார்லிஸுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. மணமாகாதவள். நில அளவைக் குழுவின் தலைவி. உயரம் குறைவு, தோள் அகலம். எல்லை குறிக்கும் இரும்பு முளையைத் தரையில் இறக்க மற்றவர்களுக்கு ஏழெட்டு அடி வேண்டும்; அவள் சம்மட்டி மூன்றாவது அடியில் வேலையை முடித்துவிடும். மணிக்கு இருபத்துமூன்று டாலர் வாங்கினாள். நகரின் கிழக்கே ஒரு சிறிய வாடகை வீட்டில் பல ஆண்டுகளாக இருந்தாள்.

அந்த வீட்டில்தான் எல்லாம் தொடங்கிற்று. ஜூன் மாத ஞாயிறு ஒன்றில், வீட்டுக்காரன் கேலன் ஹூபர் தேவாலயத்துக்கு அணிந்த சட்டையோடு வாசலில் வந்து நின்றான்.

“மார்லிஸ், செப்டம்பர் ஒண்ணாந்தேதிலேருந்து வாடகை ரெண்டாயிரம்.”

“இப்ப அறுநூத்தி அம்பதுதானே, கேலன்?”

“அது இப்ப. நேத்து ஒரு கம்பெனிக்காரன் வந்து, ‘இந்த வீட்டுக்குள்ள எட்டு பேரப் படுக்கப் போட்டுக்கறேன், மூவாயிரம் தர்றேன்’னான். உங்கப்பா ரூபன் மொகத்துக்காகத்தான் ரெண்டாயிரத்தோட நிக்கறேன்.”

“ரொம்ப உபகாரம்.”

“தர முடியலேன்னா முன்கூட்டியே சொல்லிடு. பக்கத்து வீட்டு டெல்மர் மாதிரி பண்ணாத.”

டெல்மர் செய்தது இதுதான்: தன் கட்டிலைக் கேலனின் மகன் வெளியே இழுத்தபோது கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். மகன் கதவை அறைந்து சாத்தினான். டெல்மரின் மூன்று விரல்கள் இன்றும் நேராக நிமிர்வதில்லை.

நகரில் வேறு வீடு கிடையாது. இதை விட்டால் லாரிக்குள் படுக்க வேண்டும். எங்கள் ஜனவரிக் குளிரில் லாரிக்குள் படுத்தவர்கள் சிலர் எழுந்திருக்கவே இல்லை. ஆகவே மார்லிஸுக்குச் சம்பளம் உயர வேண்டும். அதுவும் செப்டம்பருக்குள் உயர வேண்டும்.

உயர்வு தானாகவே வந்தது. அவள் வேலை செய்த அலுவலகத்தை முதலாளி நார்பர்ட் அந்த வசந்தத்தில் டெக்சஸின் ஹூஸ்டன் நகர நிறுவனம் ஒன்றுக்கு விற்றிருந்தார். அங்கிருந்து வந்த மேலாளர் வேட் காஸ்டில்பெரி, ஊழியர்களை மற்ற நிறுவனங்கள் கொத்திக்கொண்டு போவதைக் கண்டு, ஒருநாள் காலையில் அவளிடம் வந்தான்.

“மேடம், உங்களுக்கு மணிக்கு மூணு டாலர் கூட்டித் தரலாம்னு இருக்கேன்.”

“ஐயோ, அதெல்லாம் எதுக்குங்க. இருக்கறதே போதும்.”

காஸ்டில்பெரியின் முகம் மலர்ந்தது. “உங்கள மாதிரி இன்னும் நாலு பேரு இருந்தா எனக்குக் கவலையே இல்ல, மேடம்” என்று சொல்லி, தொப்பியைத் தொட்டுவிட்டு நகர்ந்தான்.

மார்லிஸ் காப்பிக் கோப்பையோடு நின்றாள். எங்கள் ஊரில் எதையும் முதல் முறை கேட்டதும் வாங்கிக்கொள்வதில்லை. முதல் முறை கேட்பது மரியாதை. இரண்டாம் முறை கேட்பது விசாரிப்பு. மூன்றாம் முறை கேட்பதுதான் கொடுப்பது. ஒரு துண்டு கேக்கானாலும் இதுவே முறை. நார்பர்ட் சம்பளம் உயர்த்தும்போது ஒரு வாரத்தில் மூன்று தடவை வந்து கேட்பார். ஒவ்வொரு தடவையும் தொகை சற்று ஏறும். மூன்றாம் தடவை இருவரும் முகம் சிவக்கத் தரையைப் பார்த்தபடி முடித்துக்கொள்வார்கள். மார்லிஸ் காஸ்டில்பெரியின் இரண்டாம் வருகைக்காகக் காத்திருந்தாள். டெக்சஸ்காரனோ அந்தப் பேச்சு முடிந்துவிட்டதென்று எண்ணி மறந்தே போனான்.

ஜூலையில் அவளுக்கு உதவியாளாக ரெமி டுப்ளஷேன் வந்து சேர்ந்தான். லூசியானாக்காரன், முப்பது வயது. முதல் நாளே ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. முந்தைய நாள் மதுக்கடையில் மூன்று பேரை அடித்ததாகவும், நான்காவது ஆளைத் தான் கவனிக்கவில்லை என்றும் விளக்கம் சொன்னான். நண்பகலில் வண்டியில் உட்கார்ந்து, பன்றியிறைச்சியைக் குடலில் அடைத்துச் செய்த தன் ஊர்த் தொத்திறைச்சியை நீட்டினான்.

“சாப்பிடு, சீஃப்.”

“வேண்டாம், நீ சாப்பிடு.”

அவன் முழுவதையும் தின்றான். கடைசித் துண்டு போகும்வரை அவள் பார்த்துக்கொண்டே இருந்ததை அவனும் கவனித்தான். அடுத்த நாள் நீட்டிவிட்டு, அவள் மறுத்தும் கையை மடக்காமல் வைத்திருந்தான். மூன்றாம் முறை சொன்னபோது பிடுங்கிக்கொண்டாள்.

“என்ன ஊருடா இது!” என்று ரெமி சிரித்தான். “பசில செத்தாலும் மூணாவது தடவதான் வாயத் தொறப்பீங்களா? சரி, ஒனக்கு எவ்ளோ குடுக்கறானுங்க, சீஃப்?”

“அதெல்லாம் கேக்கக் கூடாது.”

“ஏன், அது என்ன வியாதியா?”

“எங்க ஊர்ல கேக்க மாட்டோம்.”

“எங்க ஊர்ல மொத கேள்வியே அதான். பேரு அப்புறம்தான். எனக்கு முப்பத்துநாலு.”

வண்டி அலறி நின்றது. ரெமியின் நெற்றி முன்பலகையில் மோதியது.

“என்னாச்சு!”

“மான் குறுக்க வந்துச்சு.”

“எந்த மானு? இந்தப் பொட்டவெளில ஒரு எலி வந்தாலே ஒரு மைலுக்கு முன்னாடி தெரியுமே!” நெற்றியிலிருந்து வழிந்த இரத்தத்தைத் துடைத்தபடி அவளைக் கூர்ந்து பார்த்தான். “நீ சீஃப்பு. ஒனக்கு அம்பதாவது இருக்கும், இல்ல?”

அன்று பிற்பகல் அவள் அடித்த இரும்பு முளைகளின் தலை பிளந்து பூப்போல விரிந்தது. நான்கு முளைகளைப் பிடுங்கி எறிய வேண்டியிருந்தது. காஸ்டில்பெரியிடம் போய்க் கேட்பது அவளால் முடியாத காரியம். ஒருமுறை வேண்டாமென்று சொன்னதைத் தானே போய்க் கேட்டால், எங்கள் பேச்சில் அதற்குப் பிச்சை என்று பெயர்.

ஆகஸ்டு முடிய இன்னும் சில நாட்களே இருந்தபோது, எண்ணெய்க் குழாய் போகும் வழியை அளப்பதற்காக நகருக்கு வடக்கே எல்ராய் கெஸ்லரின் வயலுக்குப் போனார்கள். கோதுமை அறுத்திருந்தது. அரசு அவன் சம்மதமில்லாமலே வழி கொடுத்திருந்ததால், அவன் எந்த நேரமும் வரக்கூடும் என்பது மார்லிஸுக்குத் தெரியும். எல்ராய் அவள் தந்தையோடு முப்பது ஆண்டுகள் சீட்டாடியவன்.

அவன் வண்டியோடே வந்தான். வழி குறிக்க நட்டிருந்த மரக்குச்சிகளின் மேல் வண்டியை ஏற்றி ஒவ்வொன்றாக முறித்துக்கொண்டு, கடைசியில் கருவியைத் தாங்கிய முக்காலியின் மேலேயே ஏற்றினான். அளவைக் கருவி சக்கரத்தின் கீழ் நொறுங்கிய சத்தம், மண்டையோடு உடைந்தது போலக் கேட்டதாக ரெமி பின்னர் சொன்னான். எல்ராய் இறங்கும்போது கையில் வேலிக்கு நடும் இரும்புக் கம்பம் இருந்தது.

“ரூபனோட மக!” என்று கத்தினான். “உங்கப்பன் பாத்திருந்தா குழிலேர்ந்து எழுந்து வந்து காறித் துப்புவான்!”

“எல்ராய், நான் அளக்கத்தான் வந்தேன். தோண்டறது நான் இல்ல.”

“எவ்ளோ குடுத்தானுங்க? என் நெலத்த அறுக்க ஒனக்கு எவ்ளோ குடுத்தானுங்க? சொல்லு!”

மார்லிஸ் வாயைத் திறக்கவில்லை. கொல்ல வந்தவன் கேட்டாலும் எங்களவர்கள் சம்பளத்தைச் சொல்வதில்லை.

ரெமி முன்னால் வந்தான். “யோவ் கெழவா, தள்ளி நில்லு. மணிக்கு முப்பத்துநாலு டாலருக்கு நான் எவன்கிட்டயும் அடிவாங்கத் தயாரா இல்ல.”

“முப்பத்துநாலா?” எல்ராயின் முகம் கறுத்தது. “இந்த எடுபிடிக்கே முப்பத்துநாலா?”

“ஆமாய்யா! அவ சீஃப்பு. அவளுக்கு எவ்ளோன்னு நீயே பாத்துக்க!”

எல்ராய் பார்த்துக்கொண்டான். கம்பம் பக்கவாட்டில் வீசி வந்து மார்லிஸின் இடது தாடையில் இறங்கியது. அவள் வாங்காத சம்பளத்துக்காக விழுந்த அடி அது. எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. அவள் மண்டியிட்டாள். வாயிலிருந்து இரத்தத்தோடு ஒரு கடைவாய்ப்பல் கோதுமைத் தாளின் மேல் விழுந்தது.

ரெமி எல்ராயின் மேல் பாய்ந்தான். கம்பத்தைப் பறித்து எறிந்துவிட்டு, கையாலேயே அடித்தான். முதலில் மூக்கு, பிறகு விலா, பிறகு கீழே விழுந்தவனின் மார்பில் ஏறி உட்கார்ந்து முகத்தில். எல்ராயின் காலணிகள் மண்ணை உதைத்தன. சற்று நேரத்தில் உதைப்பதையும் நிறுத்தின. ரெமி நிறுத்தவில்லை. “நிறுத்து” என்று சொல்ல மார்லிஸுக்கு வாய் இல்லை. சம்மட்டியை எடுத்தாள்; இரும்பு முனையைத் தன் பக்கம் பிடித்து, மரப்பிடியால் ரெமியின் முழங்கையில் ஓங்கி அடித்தாள். அவன் ஊளையிட்டுக்கொண்டு உருண்டான்.

“நான் ஒன்னோட ஆளு, சீஃப்! என்னைய ஏன்!”

அவள் கீழே கிடந்த எல்ராயைச் சுட்டிக் காட்டினாள். அவனுடைய மூச்சில் இரத்தம் குமிழிட்டது. உயிர் இருந்தது.

குச்சிகளில் கட்டும் ரோஜா நிற நாடாவால் தன் தாடையை உச்சந்தலையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, வண்டியை மார்லிஸே ஓட்டினாள். ரெமிக்கு ஒரு கை அசையவில்லை. பின்னிருக்கையில் எல்ராய், உடைந்த மூக்கின் வழியே, “ரூபனோட மகள அடிச்சுட்டேனே, ரூபனோட மகள அடிச்சுட்டேனே” என்று அழுதுகொண்டே வந்தான். ரெமி இரண்டு முறை திரும்பி, அவன் அழுகையை நிறுத்தாவிட்டால் மீதியையும் முடித்துவிடுவதாகச் சொன்னான்.

மருத்துவமனையில் மார்லிஸின் இரண்டு தாடைகளையும் கம்பியால் பிணைத்தார்கள். கழுத்தை அசைக்காதிருக்கப் பட்டை போட்டார்கள். எழுதிக் காட்டுவதற்கு ஒரு சிறு பலகையும் மைப் பேனாவும் கொடுத்தார்கள். விபத்துக் காப்பீட்டுக்காகத் தாதி அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினாள். “மணிக்கு இருபத்துமூணுதானே? சரி” என்று அவள் திருப்பிச் சொன்னது, கட்டுப் போட்ட கையோடு அருகே உட்கார்ந்திருந்த ரெமியின் காதில் விழுந்தது.

அவன் மார்லிஸின் பக்கம் திரும்பினான்.

“இருபத்துமூணா?” என்றான். “அந்தக் கெழவன் அடிச்ச அடிக்கு நாந்தான் வெல சொன்னேன். அதுவும் தப்பு வெல.”

மாலையில் காஸ்டில்பெரி வந்தான். வரும் வழியிலேயே அவன் பயந்திருந்தான். மாவட்டத்தின் பழைய எல்லைக் கற்கள் மண்ணுக்குள் எங்கே புதைந்திருக்கின்றன என்பதை அறிந்தவள் மார்லிஸ் ஒருத்தியே. அவளுக்கு அடிபட்ட செய்தி பரவுவதற்குள் இரண்டு போட்டி நிறுவனங்கள் அவளைப் பற்றி விசாரித்துவிட்டன. தாழ்வாரத்தில் ரெமி அவனை மறித்தான்.

“இருபத்துமூணா குடுக்கற, மனுசா?”

“நான் கூட்டித் தர்றேன்னுதான் சொன்னேன். அவங்கதான் வேணாம்னாங்க!”

“எத்தன தடவ கேட்ட?”

“எத்தன தடவ கேப்பாங்க? ஒரு தடவதான்.”

ரெமிக்குத் தொத்திறைச்சி நினைவு வந்திருக்க வேண்டும். காஸ்டில்பெரிக்கு முன்னால் அறைக்குள் நுழைந்து, கட்டிலின் ஓரத்தில் கிடந்த எழுதுபலகையை எடுத்து நாற்காலியில் போட்டு, அதன் மேல் உட்கார்ந்துகொண்டான்.

காஸ்டில்பெரி தொப்பியைக் கழற்றினான். “மேடம், நடந்ததுக்கு ரொம்ப வருத்தப்படறேன். மணிக்கு முப்பத்தொண்ணு போட்டுத் தர்றேன்.”

மார்லிஸின் கை பலகையைத் தேடியது. அவள் கண்களில் தெரிந்தது கலவரம். ‘அதெல்லாம் எதுக்குங்க’ என்று எழுதத்தான் துடித்தாள் என்று என்னிடம் அவளே ஒப்புக்கொண்டாள். தலையை அசைத்து மறுக்கவும் வழியில்லை. தொண்டையிலிருந்து ஓர் உறுமல் மட்டும் வந்தது.

காஸ்டில்பெரி பின்வாங்கினான். “சரி, சரி. முப்பத்தொண்ணு கம்மிதான். முப்பத்தாறு.”

அவள் ரெமியைப் பார்த்தாள். எழுந்திரு என்று கண்ணால் கட்டளையிட்டாள். ரெமி கூரையைப் பார்த்தான். அவள் கைக்கெட்டிய தண்ணீர்க் குவளையை எடுத்து அவன்மேல் எறிந்தாள். அது அவன் காதை உரசி, காஸ்டில்பெரியின் பின்னால் சுவரில் மோதிச் சிதறியது. தன்னை நோக்கி எறிந்ததாகவே காஸ்டில்பெரி நினைத்தான்.

“மேடம்! மேடம், பொறுங்க! நாப்பத்தொண்ணு. மொத மாசச் சம்பளம் இன்னிக்கே கையில. இதுக்கு மேல ஹூஸ்டன்ல என் கழுத்த அறுத்துருவாங்க.”

மூன்று முறை கேட்டாகிவிட்டது. மார்லிஸ் கையை நீட்டினாள். அவன் தயங்கித் தன் கையைக் கொடுத்தான். அவள் பிடித்த பிடியில் காஸ்டில்பெரி கட்டிலின் மேல் பாதி குனிந்துவிட்டான்.

“சரிங்கறா” என்றான் ரெமி.

செப்டம்பர் முதல் தேதி சனிக்கிழமை. ரெமி அவளை வீட்டுக்கு அழைத்து வந்தபோது, அவளுடைய சோபா புல்லின் மேல் கிடந்தது. சமையல் பாத்திரங்கள் படிக்கட்டில் இறைந்து கிடந்தன. கேலனின் மகன் நெம்புகோலால் பூட்டைப் பெயர்த்து முடித்திருந்தான். கேலன் தன் புதிய வண்டியில் சாய்ந்து நின்றிருந்தான்.

“மார்லிஸ், ஆஸ்பத்திரியிலன்னு கேள்விப்பட்டேன். வாடகை தருவியா மாட்டியான்னு சொல்லிட்டுப் போயிருக்கலாமே” என்றான் கேலன்.

“இந்தாய்யா வாடகை!” என்று ரெமி பணத்தை நீட்டினான். “ரெண்டாயிரம். இனிமே மாசா மாசம் வரும். அவ இப்ப நாப்பத்தொண்ணு வாங்கறா, தெரியுமா?”

மார்லிஸ் கண்களை மூடிக்கொண்டாள்.

“நாப்பத்தொண்ணா?” கேலன் நிமிர்ந்தான். “சொல்லவே இல்லையே. அப்படின்னா ரெண்டாயிரத்து அறுநூறு தாராளமா தரலாமே, மார்லிஸ். நானும் வரி கட்டணும்.”

மார்லிஸ் கேலனின் மகன் கையிலிருந்து நெம்புகோலை வாங்கிக்கொண்டாள். அவன் அதைக் கொடுத்துவிட்டதைப் பிறகுதான் உணர்ந்தான். மீண்டும் பிடுங்க வந்தவனை ரெமி நல்ல கையால் கழுத்தில் பிடித்துச் சுவரோடு அழுத்தினான். மார்லிஸ் புல்லைக் கடந்து சென்று, கேலனுடைய வண்டியின் முன்விளக்கை உடைத்தாள்.

“ஏய்! பைத்தியமா ஒனக்கு!”

இரண்டாம் விளக்கும் போயிற்று. கேலன் அவள் தோளைப் பிடித்தான். நெம்புகோலின் மழுங்கிய நுனி வயிற்றில் இடிக்க, மடங்கிப் புல்லில் உட்கார்ந்தான். முன்கண்ணாடி மூன்று அடி தாங்கியது. பக்கக் கண்ணாடிகள் ஒவ்வோர் அடியில் போயின.

“சரி! ரெண்டாயிரத்து முன்னூறு!” என்று கேலன் முனகினான். பின்கண்ணாடி சிதறியது. “ரெண்டாயிரம்! ரெண்டாயிரமே போதும்!”

அவன் சொன்னது அவளுக்குக் கேட்டது. ஆயினும் இன்னும் ஒரு பின்விளக்கு மிஞ்சியிருந்தது. அதையும் முடித்த பிறகே நின்றாள். கம்பிகளுக்கிடையே மூச்சு விசிலடித்தது. முகவாய்க் கட்டில் இரத்தம் புதிதாக ஊறியிருந்தது. ரெமியின் கையிலிருந்து பணத்தை எடுத்து, கேலனின் உள்ளங்கையில் வைத்து, அவன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள்.

அண்டை வீட்டார் அழைத்த காவல் உதவி அதிகாரி வந்தபோது, பாதி சோபா கதவுக்குள்ளும் பாதி வெளியிலுமாக இருந்தது. அவர் கண்ணாடித் தூளின் மேல் நடந்து, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அதற்குள் மதுக்கடை ஒன்றில் கத்திக்குத்து என்று அவருடைய வயர்லெஸ் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டது.

“கேலன், புகார் குடுக்கறியா?”

கேலன் படிக்கட்டைப் பார்த்தான். மார்லிஸ் அங்கே நெம்புகோலோடு நின்றிருந்தாள்.

“கல்லு தெறிச்சுடுச்சு” என்றான்.

“எல்லாக் கண்ணாடியிலயுமா?”

“ரோடு ரொம்ப மோசம், சார்.”

அதிகாரி தலையாட்டிவிட்டு, சைரனை அலறவிட்டபடி மதுக்கடைக்கு விரைந்தார். மார்லிஸ் நெம்புகோலைச் சுவரோரம் சாத்திவைத்துவிட்டு, சோபாவின் மறுமுனையைத் தூக்கினாள்.